வெயிலுக்கு வீரம் தெரியாது

"மழை பெய்தால் என்ன, வெயில் கொளுத்தினால் என்ன? பயிற்சித் தாளில் எழுதியிருப்பதைச் செய்து முடி. போட்டி நாளன்று வானம் உன் சௌகரியத்தைக் கேட்டுக்கொண்டா இருக்கும்?" நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர டிரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கிய எவரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுகிற அறிவுரை இது. கோச் சொல்வார், கூட ஓடுகிறவர்கள் சொல்வார்கள், கொட்டும் மழையில் சைக்கிளோடு நின்று எடுத்த படத்தை விடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர் சொல்லாமல் சொல்வார். வானிலையைக் காரணம் காட்டுகிறவர் மனத்திடம் இல்லாதவர், எதிலும் இறங்குகிறவர் இரும்பு மனிதர் என்பது இந்த வட்டாரத்தில் யாரும் கேள்வி கேட்காத வேதம்.

கேள்வி கேட்டாக வேண்டும். ஏனென்றால் இந்த வேதத்தின் அடிப்படையே பிழை. பயிற்சி ஒரு பக்கம், வானிலை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே நம் மன உறுதி என்று அது கணக்குப் போடுகிறது. உண்மையில் வானிலை பயிற்சிக்கு வெளியே நிற்பதில்லை. பயிற்சிச் சுமையின் ஒரு பகுதியே அதுதான். தாளில் உள்ள "15 கிலோமீட்டர் ஓட்டம்" சென்னையில் தை மாதத்தில் ஒரு வேலை, சித்திரையில் முற்றிலும் வேறு வேலை. தூரம் மாறவில்லை, உடம்பு அதற்குக் கொடுக்கிற விலை மாறிவிட்டது. விலையைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் எண்ணுகிறவர் திட்டத்தை நிறைவேற்றவில்லை. தனக்குத் தெரியாமலே அதை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

இரும்பு மனிதர் என்ற பெயரையே இவர்கள் சாட்சிக்கு இழுப்பதால் அங்கிருந்தே தொடங்குவோம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்ற அயர்ன்மேன் போட்டி முதன்முதலில் நடந்தது 1978 பிப்ரவரி 18 அன்று, ஹவாயின் ஓவாஹு தீவில். கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸின் யோசனை அது. 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். மறு ஆண்டு, 1979இல், வானிலை மோசமானதால் போட்டியை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். அதாவது இரும்பு மனிதர்களின் இரண்டாவது போட்டியே வானத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றது. அப்படி ஒதுங்கியதால் அந்தப் போட்டியின் மானம் எதுவும் குறைந்துவிடவில்லை.

இன்றைக்கும் அதே கதைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெயிலுக்கு அஞ்சி டிரையத்லானைக் காலை ஆறரை மணிக்கு வைத்தார்கள். பெண்கள் போட்டி நாளன்று புயல் மழையால் தொடக்கத்தைக் கால் மணி நேரம் தள்ளினார்கள். மாரத்தானை வடக்கே சப்போரோ நகருக்கே கொண்டுபோனார்கள். நார்வேயின் நார்ஸ்மேன் போட்டி கடுமைக்குப் பேர்போனது. ஃபியோர்டின் குளிர்ந்த நீரில் கப்பலிலிருந்து குதித்துத் தொடங்கி, கவுஸ்தாடொப்பன் மலை உச்சியில் முடிகிறது. ஆனால் கடைசி மலையேற்றத்துக்கு வீரர் தனியாகப் போக முடியாது. முதுகுப்பையில் கதகதப்பான உடை இருக்க வேண்டும், துணைக்கு ஒருவர் வர வேண்டும், வானிலை கெட்டால் உச்சிக்குப் போகும் வழியையே மூடிவிடுவார்கள். உலகின் மிகக் கடினமான போட்டிகளை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த இந்த எளிய அறிவு, ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் இறங்கும் குழுக்களுக்கு ஏன் இழுக்காகத் தெரிகிறது?

இவர்கள் தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்காமல் வைத்துவிடுகிறேன். போட்டி நாளின் வானிலை நம் கையில் இல்லை; ஆகவே எல்லா வானிலையிலும் பழகியிருப்பதே புத்திசாலித்தனம் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. பழக வேண்டும் என்பது சரி. போட்டியில் செய்வதைப் பயிற்சியிலும் அப்படியே செய்ய வேண்டும் என்பதுதான் தவறு. போட்டியில் நீச்சல் தடத்தின் ஓரமாகக் கயாக்குகள் நிற்கின்றன. சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஓட்டத் தடத்தில் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தண்ணீரும் ஐஸும் கிடைக்கின்றன. விழுந்தால் தூக்க ஆம்புலன்ஸ் இருக்கிறது. பயிற்சியில்? இருட்டு, லாரி, மழைநீர் மூடிய பள்ளம், நீங்கள். போட்டி ஒரு நாள். பயிற்சி பல மாதம். அந்த ஒரு நாளின் துணிச்சலைப் பாதுகாப்பே இல்லாத அத்தனை மாதத்துக்கும் நீட்டச் சொல்வது வாதமே ஆகாது.

அடுத்து, இந்த வீர வசனம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, பொருந்தாத உடைதான் உண்டு என்ற பொருளில் நார்வேயில் ஒரு பழமொழி வழங்குகிறது. குளிர் நாட்டுக்கு அது நியாயம். குளிர்ந்தால் இன்னொரு சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். மே மாதச் சென்னையில் கழற்றுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? குளிரை உடையால் தடுக்க முடியும். உடம்புக்குள்ளிருந்தே கிளம்பும் வெப்பத்தை எந்த உடையும் தடுக்காது.

அந்த வெப்பத்தின் கணக்கு சுவையானது. தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம்தான் வேலையாகிறது. மீதி முழுக்கச் சூடு. பெடலில் 200 வாட் கொடுக்கும் ஒருவரின் உடம்பு 600 முதல் 800 வாட் வரை வெப்பத்தை உண்டாக்குகிறது. இதை வெளியேற்ற நமக்கிருக்கும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். மேலே சொன்ன ஒரு மணி நேர உழைப்புக்கு அது ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆனால் "ஆவியானால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரையில் சொட்டுகிற வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. கோடையில் சென்னையின் விடிகாலை 28 டிகிரி என்றால் வெப்பமானியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம்; அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் நாளின் உச்சத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். காற்றில் இடமில்லாதபோது வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. நாலரை மணிக்கே எழுந்து ஓடியும் ஏன் உடம்பு அப்படிக் கொதித்தது என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

சைக்கிளிலாவது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நாமே உண்டாக்கும் காற்று தோலைத் தடவிக்கொண்டு போகும். இறங்கி ஓடத் தொடங்கியதும் அதுவும் நின்றுவிடுகிறது. சைக்கிளை வைத்துவிட்டு உடனே ஓடும் பிரிக் பயிற்சியில் பலரும் தடுமாறுவது கால் வலுவின்மையால் மட்டும் அல்ல. தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் வேண்டும், தசைக்கும் ரத்தம் வேண்டும். வியர்வையில் நீர் குறையக் குறைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பும் அளவு சுருங்குகிறது. ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. அதே வேகத்தில் ஓடியும் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போவதன் காரணம் இதுதான். அந்த நிலையில் மனத்தை உறுதியாக்கு என்பவர் இதயத்தின் குழாய்க் கணக்கோடு தர்க்கம் செய்கிறார். அது பதில் சொல்லாது.

"நாம் வெயிலில் பிறந்தவர்கள், நமக்கு இது பழக்கம்" என்பது நம் ஊருக்கே உரிய இன்னொரு வாதம். ஏ.சி. போட்ட அறையில் தூங்கி, ஏ.சி. போட்ட வண்டியில் போய், ஏ.சி. போட்ட அலுவலகத்தில் பத்து மணி நேரம் உட்காருகிறவர் பிறந்த ஊரைச் சொல்லி வெயிலிடம் சலுகை கேட்க முடியாது. வெயிலில் வாழ்வது வேறு, வெயிலில் மணிக்கணக்கில் உழைக்கப் பழகுவது வேறு. பின்னதற்கு உடம்பு பத்து முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொள்கிறது. முதல் வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, நிறைய வருகிறது, அதில் உப்புக் குறைகிறது. விட்டுவிட்டால் சில வாரங்களில் இந்த லாபமெல்லாம் கரைந்துபோகிறது. பிறப்போடு வரும் சொத்தாக இருந்தால் அப்படிக் கரையாது.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. நார்வேயின் பெர்கன் ஐரோப்பாவில் மழைக்குப் பேர்போன நகரம். அங்கிருந்து வந்த கிறிஸ்டியன் பிளம்மன்ஃபெல்ட் டோக்கியோவின் புழுக்கத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதே ஊரின் குஸ்தாவ் இடன் 2022 அக்டோபரில் ஹவாயின் கோனாவில், எரிமலைப் பாறைகளுக்கு நடுவே கொதிக்கும் நெடுஞ்சாலையில், 7 மணி 40 நிமிடம் 24 வினாடியில் அயர்ன்மேன் உலகப் பட்டத்தை எடுத்துப்போனார். குளிரிலும் மழையிலும் வளர்ந்த இருவரும் வெயிலை எப்படிக் கற்றார்கள்? வெயில் கிடைத்த இடத்திலெல்லாம் கண்மூடி ஓடி அல்ல. உடம்பின் உள்வெப்பத்தைக் கருவியால் அளந்து, எவ்வளவு நேரம், எந்த அளவு சூடு, எத்தனை நாள் இடைவெளி என்று கணக்கு வைத்து. வெப்பம் அவர்களுக்கு மருந்து. மருந்தை அளவு பார்த்துத்தான் கொடுத்தார்கள். நம் வீரர்கள் குப்பியோடு கவிழ்த்துக் குடிப்பதைத் துணிச்சல் என்கிறார்கள்.

மனத்திடம் பற்றிய வாதத்துக்கு வருவோம். 1982 பிப்ரவரி அயர்ன்மேனில் பெண்களில் முன்னணியில் இருந்த ஜூலி மாஸ் என்ற மாணவி, எல்லைக்கோட்டுக்கு அருகில் கால் மடங்கி விழுந்து, கடைசியில் தவழ்ந்தே முடித்தார். அதற்குள் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிவிட்டார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் பலர் இந்த விளையாட்டுக்கே வந்தார்கள். அந்த மன உறுதியை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காட்சி காட்டுவது உணவும் நீரும் தீர்ந்த ஓர் உடம்பையும்தான். உறுதி அவரைக் கோட்டுக்கு இழுத்துவந்தது. முதலிடத்தைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. தவழ்வதை இலட்சியமாக்கிக்கொள்கிறவர்கள், தவழாமல் இருக்க என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வியைத் தவறவிடுகிறார்கள்.

உறுதியே காக்கும் என்றால் 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்ததற்கு என்ன விளக்கம்? 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் ஓடினார்கள். நடுவழியில் ஆலங்கட்டியும் உறையும் மழையும் சூறைக்காற்றும் ஒருசேர அடித்தன. பலரும் அரைக்கால்சட்டையும் மெல்லிய பனியனுமாக இருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். அவர்களில் நாட்டின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் உண்டு. அங்கே மனத்திடத்துக்குப் பஞ்சம் இல்லை. இல்லாதது மேலங்கியும், நேரத்தில் போட்டியை நிறுத்தும் முடிவும்.

மனப்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபடுகிறேன். கத்திரி வெயில் காலத்தில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் அந்த வேகம் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று விடுவதற்குத்தான் திடம் வேண்டும். முந்துகிறவரை முந்தவிட்டு, கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பை மட்டும் பார்த்து ஓடுவது கடினம். போட்டியில் பயன்படுவதும் அதுதான். 180 கிலோமீட்டர் சைக்கிளில் அடக்கி வாசித்தவருக்குத்தான் மாரத்தான் மிஞ்சும்.

சைக்கிளை அசையாமல் பொருத்தி மிதிக்கும் டிரெயினரில் வீட்டுக்குள் ஓட்டுவது ஏமாற்று வேலை என்ற கேலியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கனடாவின் லயனல் சாண்டர்ஸ் தன் பயிற்சியின் பெரும்பகுதியை டிரெயினரிலும் டிரெட்மில்லிலும் செய்வதற்குப் பெயர் பெற்றவர். 2017இல் கோனாவில் இரண்டாவதாக வந்தார். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது ஜெர்மனியின் யான் ஃபிரோடெனோ ஸ்பெயினின் ஜிரோனாவில் உள்ள தன் வீட்டிலேயே முழு அயர்ன்மேன் தூரத்தையும் எட்டரை மணி நேரச் சொச்சத்தில் முடித்து, அறப்பணிக்கு நிதி திரட்டினார். டிரெயினரில் கிடைக்காதவையும் உண்டு: குறுக்குக் காற்றில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கை, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் நிதானம், கடலில் தலைதூக்கித் திசை பார்க்கும் பழக்கம். அவற்றுக்கு நல்ல நாட்களை ஒதுக்குங்கள். காற்றாடி இல்லாத அறையில் டிரெயினர் ஓட்டினால் அதுவே வெப்பப் பயிற்சி என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் ஊர்களின் வானிலையைத் தெரிந்துகொள்ளாமல் அதோடு போராடுவதாகச் சொல்வதுதான் எனக்கு விசித்திரம். ஈ.சி.ஆர். வடக்கு தெற்காகப் போகிறது. முற்பகலில் கடற்காற்று கிளம்பியதும் மாமல்லபுரத்திலிருந்து திரும்புகிறவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆழமான ரிம் போட்ட சக்கரக்காரருக்கு அப்போது தெரியும். கோவையில் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிறது. திறந்த சாலையில் ஓட்டப் பழகுகிறவருக்கு அது நல்ல ஆசிரியர். வடகிழக்குப் பருவமழையில் ஓடுவது, இடி இல்லாத வரை, சென்னையில் சுகமான பயிற்சி. ஆனால் பெருமழைக்குப் பிறகு அடையாறும் கூவமும் நகரத்தின் கழிவை அள்ளிக்கொண்டு கடலில் சேர்கின்றன. அந்த நாட்களில் முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் நீந்துகிறவர் வயிற்றைப் பணயம் வைக்கிறார். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் உண்டு, திறந்த சாக்கடை உண்டு, மின்கசிவு உண்டு. போகி அதிகாலையில் புகைக்குள் ஓடுவதற்கு எந்தப் போட்டியும் பரிசு தருவதில்லை. இந்தியாவில் மின்னல் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொல்கிறது. திறந்த வெளியில் தனியாகச் சைக்கிளில் போகிறவர் அந்தப் பட்டியலுக்கு அந்நியர் அல்ல.

தாகத்தைப் பற்றிய உபதேசமும் இதே மாதிரி அளவு தெரியாதது. ஒரு காலத்தில் தண்ணீரே குடிக்காமல் ஓடுவது வீரம். இப்போது கிடைத்த இடத்திலெல்லாம் குடிப்பது வேதம். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே போயிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே வியர்வையில் போன உப்புக்கு அது மட்டும் ஈடாகாது. உப்புப் போட்ட நீர்மோர் மேல். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் உடம்பு எவ்வளவு இழக்கிறது என்பது தெரியும். இடையில் எதுவும் குடிக்காதபோது குறையும் ஒரு கிலோ, ஏறத்தாழ ஒரு லிட்டர். பக்கத்தில் ஓடுகிறவரின் கணக்கு உங்களுக்கு உதவாது.

இதையெல்லாம் சொன்னால் வருகிற கடைசி எதிர்ப்பு: "இப்படி வாசலைத் திறந்துவிட்டால் சோம்பேறிகள் எல்லாரும் வானிலையைச் சொல்லித் தூங்கிவிடுவார்கள்." தூங்குகிறவர்கள் தூங்குவார்கள், அவர்களுக்கு வானிலை இல்லாவிட்டால் அலுவலக வேலை. ஆனால் சாக்குக்கு மருந்து முரட்டுத்தனம் அல்ல, முன்கூட்டியே எழுதிவைத்த விதி. இடி கேட்டால் வெளியே இல்லை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். புழுக்கம் இந்த அளவைத் தாண்டினால் வேகப் பயிற்சி இல்லை, மெதுவான ஓட்டம் மட்டும். துடிப்பு இந்த எண்ணைத் தொட்டால் நடை. சாலை நனைந்திருந்தால் நீண்ட சைக்கிள் ஓட்டம் டிரெயினருக்கு மாறும், தூரத்தில் அல்ல, நேரத்தில் அளக்கப்படும். முந்தைய நாள் இரவே முடிவானதை விடிகாலை நாலரை மணிக்குப் படுக்கையில் கிடந்து பேரம் பேச முடியாது. உண்மையில் "எப்படியும் போ" என்ற வீர வசனம்தான் சாக்குகளின் தாய். அது நடக்க முடியாததைக் கேட்கிறது; நடக்காத அன்று குற்ற உணர்ச்சி வருகிறது; மறுநாள் ஈடுகட்டுகிறேன் என்று இரட்டிப்பாக ஓடிக் காயம் வருகிறது; அந்தக் காயம் எந்த மழையும் பறிக்காத நாட்களைப் பறித்துவிடுகிறது.

கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுக்கும் பயிற்சித் தாள்களில் பல, குளிர்காலத்தில் அடித்தளம் போட்டுக் கோடையில் போட்டிக்குப் போகும் நாடுகளுக்காக உருவான அமைப்பை அப்படியே பின்பற்றுகின்றன. 2019 அக்டோபரில் கோவாவில் முதன்முதலாக நடந்த பாதித்தூர அயர்ன்மேன் போன்ற போட்டிக்குத் தயாராகிறவர், கடுமையான பயிற்சியை ஆடி ஆவணிப் புழுக்கத்திலும் மாலை இடிமழையிலும் செய்ய வேண்டியிருக்கும். அவருக்கு வேறு தாள் வேண்டும். அதில் தூரம், வேகம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதும் எண் மற்ற இரண்டையும் மாற்றும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். பயிற்சி எடுப்பவர்களுக்கு: அப்படி ஒரு கட்டம் இல்லாத தாளை யாராவது கொடுத்து, எந்த வானிலையிலும் இதை முடி என்று சொன்னால், பணத்தைக் கட்டுவதற்கு முன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.